எல்லாப் பெயருக்கும் ஒரே நாள்

ஒரு மனிதன் ஒரே நாளை எதற்காக நூற்று நாற்பத்தாறு தடவை எழுத வேண்டும்? மேலே ஒரு தடவை எழுதிவிட்டுக் கீழே பெயர்களை வரிசையாகப் போட்டால் ஆகாதா?

சனிக்கிழமை காலை பத்தே முக்கால் இருக்கும். தம்போயில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெரால்டின் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக ஊரெல்லாம் புகைமூட்டம். எதிர்வரிசை வீடுகளின் கூரை தெரியவில்லை, தெருவிளக்குகள் பகலிலும் அணையாமல் மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தன, சன்னல் இடுக்குகளில் ஈரத்துண்டைத் திணித்து வைத்திருந்தும் எங்கோ காடு எரிந்த கரி வாடை காபிக்குள்ளும் தலையணை உறைக்குள்ளும் ஏறி உட்கார்ந்திருந்தது. வேலியில் எப்போதும் சண்டை போடும் மைனாக்களைக் காணோம். ஏர்கான் மட்டும் நிற்காமல் முனகிக்கொண்டிருந்தது.

படத்தில் இருந்தது கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. மூன்று வாரத்துக்கு முன், கூலாயில் சபாபதியின் வீட்டில் அவளே கைப்பேசியில் எடுத்தது. ஆறு பக்கம். முதல் வரியில் அவருடைய இறந்துபோன மனைவியின் பெயர், செல்வராணி. அதற்கு நேரே மாசி, வளர்பிறை, நவமி என்று எழுதியிருந்தார். ஒரு வரி இடம் விட்டு, கீழே கோயில்காரர்களின் பெயர்கள், குடும்பம் குடும்பமாக, கைக்குழந்தைகள் வரைக்கும். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் அதே மூன்று சொற்கள்: புரட்டாசி, தேய்பிறை, சப்தமி. கடைசி இரண்டு வரிகளில் அவளுடைய உதவியாளர் லோஷினியின் பெயரும் அவளுடைய பெயரும்.

"அர்ச்சனைக்கு மேடம்," என்று அன்றைக்கு அவர் சொன்னார்.

"எனக்குமா ஐயா? நான் சர்ச்சுக்குப் போறவளாச்சே."

"சாமிக்கு என்ன மேடம் சர்ச்சு, கோயிலு? நீங்கதானே எனக்கு வழி காட்டினீங்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. காருக்குள் வந்து உட்கார்ந்த கையோடு குறிப்பேட்டில் எழுதினாள்: யார்மீது கோபமோ அவர்களுக்காகவே வேண்டிக்கொள்கிறார், பூஜை நாளை முன்கூட்டியே குறித்து வைத்து அதற்காகக் காத்திருக்கிறார், எதிர்காலத்தை நோக்கி மனம் திரும்பியிருக்கிறது. மூன்றுக்கும் சரி போட்டாள்.

இன்றைக்கு, திங்கட்கிழமை மூடப்போகிற கோப்பில் படத்தை இணைக்கும்போதுதான் அந்த முள் தைத்தது. ஒரே நாளைத் திரும்பத் திரும்ப எழுதியிருப்பதோடு போகவில்லை. நூறு தடவை ஒன்றையே எழுதினால் எந்தக் கையும் சலித்துப் போகும், எழுத்து சாயும், சுழி விட்டுப் போகும். பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு எழுதின எவருக்கும் தெரியும். இங்கே கடைசி சப்தமி முதல் சப்தமியைப் போலவே இருந்தது. நிறுத்தி, நிதானமாக, ஆசைஆசையாக எழுதியிருந்தார்.

அவள் அந்தப் பக்கங்களைப் போலீஸ் சார்ஜன் காளிதாசுக்கு அனுப்பினாள். 'சும்மா ஒரு சந்தேகம் சார்ஜன். நேரம் கெடைக்கும்போது பாருங்க.' காளிதாஸ் யோங் பெங்கில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். உடனே பார்க்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டு, ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தாள்.

அவர்கள் இருவரும் சேர்ந்து செய்துவந்த வேலை வெளியில் அதிகம் பேருக்குத் தெரியாது. ஜெரால்டின் மருத்துவமனையில் மனநல நிபுணர்; புதன்கிழமை மட்டும் போலீஸ் நிலையத்து மாடி அறையில் காளிதாசோடு உட்காருவாள். யாராவது ஒருவர் 'எல்லாரையும் தீர்த்துருவேன்' என்று கத்தியிருப்பார், அல்லது எழுதியிருப்பார். அந்தக் கோப்பு அங்கே வரும். குற்றம் நடந்தால்தான் போலீசுக்குக் கை நீளும், நோய் இருந்தால்தான் வைத்தியருக்கு வாய் திறக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவனை யார் பார்ப்பது? அதற்குத்தான் இவர்கள். குரைக்கிற நாய் கடிக்காது என்று ஆரம்பத்தில் காளிதாஸ் சொல்லிக்கொண்டு திரிவார். கடிக்கிற நாய் எல்லாம் ஒரு நாள் குரைத்ததுதான் சார்ஜன் என்று சொல்லி அவள்தான் அதை நிறுத்தினாள்.

சபாபதி குரைத்தவர். பழைய எஸ்டேட் கோயிலை இடித்துத் தாமான் குடியிருப்புக்குள் புதுக்கோயில் கட்டும்போது அவர் ஒருவர்தான் எதிர்த்தார், வழக்குப் போட்டார், கோயில்காரர்கள் ஒன்றுகூடி அவர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அடுத்த மாசியில் செல்வராணி இறந்துபோனாள். காரியத்தன்று நூற்றைம்பது பேருக்குச் சமைத்து, பந்தல் போட்டு, நாற்காலி துடைத்து, மனிதர் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டுப் பேர் வந்தார்கள். மிச்சச் சோற்றை ராத்திரி அவரே தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்ச் செம்பனைக் காட்டுக் கால்வாயில் கொட்டினார். ஒரு வருசம் கழித்துப் புதுக்கோயில் வாசலில் மூன்று நாள் பாராங் கத்தியோடு வந்து நின்றார். 'ஒருத்தரையும் விடமாட்டேன்' என்றார். அப்படித்தான் அவர் கோப்பு மாடி அறைக்கு வந்தது.

ஆறு மாத வேலை அது. காளிதாஸ் கத்தியை வாங்கிக்கொண்டார், அதட்டவில்லை. ஜெரால்டின் தூக்கத்துக்கு மருந்து ஏற்பாடு செய்தாள், மூங்கில் வேலிக்குப் பின்னால் செடிகள் விற்கிற தோட்டத்தில் வேலை வாங்கிக் கொடுத்தாள், வாரம் தவறாமல் போய் உட்கார்ந்து அவர் பேசினதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் அவரே வாய்விட்டுக் கேட்டார். புரட்டாசிச் சனிக்கிழமை அன்னதானத்தைத் தன் உபயமாகச் செய்ய வேண்டும், தன் கையால் சமைத்துப் போட வேண்டும், எல்லோரும் வரவேண்டும். கோயில்காரர்கள் தயங்கினார்கள். அவள் கோயில் மண்டபத்திலேயே போய் நின்று, நானும் தமிழச்சிதான், நான் பொறுப்பு, ஒதுக்கினவனைச் சேர்த்துக்கொண்டால் அவன் மனுசனாகிவிடுவான் என்று கெஞ்சிப் பேசினாள். ஒரு வீடு விடாமல் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். போலீஸ் முத்திரையோடு ஒரு கடிதமும் கொடுத்தாள்.

கைப்பேசி டிங் என்றது. லோஷினி. அவளைத்தான் காலையிலேயே கூலாய்க்கு அனுப்பி வைத்திருந்தாள். தான் மதியம் வருவதாக ஏற்பாடு. படத்தில் வாழை இலை, சோறு, நாலு வகைக் கறி, லோஷினியின் விரல்கள். 'முதல் பந்தி மேடம். ஐயா உங்களுக்கு எடம் போட்டு வச்சிருக்காரு.'

அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே காளிதாஸ் அழைத்தார்.

"டாக்டர், இந்த நோட்டை எப்ப எடுத்தீங்க?"

"மூணு வாரம் ஆச்சு. ஏன் சார்ஜன்?"

"இது எதுக்குன்னு சொன்னாரு?"

"அர்ச்சனைக்கு."

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தமும் பிள்ளைகள் சத்தமும் கேட்டன. அவர் எழுந்து நடந்தார். ஒரு கதவைச் சாத்தினார்.

"அர்ச்சனைன்னா பேரு, நட்சத்திரம், ராசி. பொறந்த நட்சத்திரம் டாக்டர். உசுரோட இருக்கிறவங்களுக்கு அதைத்தான் ஐயர் கேப்பாரு. இதுல ஒருத்தருக்குக்கூட நட்சத்திரம் இல்ல."

"நாள் எழுதியிருக்காரே. பூஜை நாளு."

"மாசம், பிறை, திதி. மூணும் ஒரு பேருக்கு நேரா எழுதினா அது பூஜை நாள் இல்ல டாக்டர். எங்கப்பாவுக்கு நானும் அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன், வருசா வருசம் திதி குடுக்கிறதுக்கு. அவங்க செத்த நாளு அது. மொத வரியைப் பாருங்க. அவரு சம்சாரம் எப்ப செத்தாங்க?"

மாசியில். கோப்பின் முதல் பக்கத்திலேயே அவள் எழுதி வைத்திருந்தாள்.

"சார்ஜன்," என்றாள். "இன்னிக்கு என்ன திதி?"

சுவர் நாள்காட்டியின் தாள் சரசரத்தது.

"சப்தமி," என்றார் காளிதாஸ்.

அவள் எழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. நாற்காலி பின்னால் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. காளிதாஸ் பேசிக்கொண்டே இருந்தார்: கூலாய் நிலையத்துக்கு இப்போதே சொல்கிறேன், நான் புறப்பட்டுவிட்டேன், நீங்கள் உள்ளே போகவேண்டாம், போகவே வேண்டாம். பாராங்கைத்தான் வாங்கிவிட்டோமே என்று ஒரு கணம் அவள் புத்தி சமாதானம் தேடியது. பிறகு லோஷினியின் படம் கண்ணில் பட்டது. அவர் கையில் இன்றைக்குக் கத்தி எதற்கு? கரண்டி இருக்கிறது.

லோஷினியை அழைத்தாள். மணி அடித்தது, அடித்தது, ஓய்ந்தது. வலது கையில் சோறு இருக்கும், எடுக்க மாட்டாள். மறுபடி அழைத்தாள். காரைத் தெருவுக்கு எடுத்துக்கொண்டே கோயில் தலைவர் சுகுமாறனை அழைத்தாள்.

"மேடம்! எங்க இருக்கீங்க? முதல் பந்தி முடியப் போகுது, ரெண்டாவதுக்கு ஆளுங்க காத்திருக்காங்க."

"தலைவரே, சாப்பாட்டை நிறுத்துங்க. யாரும் சாப்பிடக் கூடாது. சாப்பாட்டுல என்னமோ கலந்திருக்கு."

மறுமுனையில் பந்திச் சத்தம் கேட்டது. வாளிகள், சிரிப்பு, 'இங்க ரசம்' என்று யாரோ கூப்பிடுவது. சுகுமாறன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தக் குரலில் பரிவு இருந்தது.

"மேடம், நீங்கதானே சொன்னீங்க. அவரைப் பத்தி யாரு என்ன சொன்னாலும் அவர் முன்னால காட்டிக்கக் கூடாது, முகத்தை மாத்தக் கூடாது, சந்தேகமா ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு. காலையிலகூட ரெண்டு பொம்பளைங்க வந்து சாம்பார்ல ஒரு மாதிரி வாடை வருதுன்னாங்க. நான்தான் சத்தம் போட்டேன். ஊரு பூரா பொகைலா, அந்த வாடைதான், மனுசனை நோகடிக்காதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"இல்ல தலைவரே, நான்தான் இப்ப சொல்றேன்..."

"உங்க லெட்டரை ஆபீஸ்ல கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கேன் மேடம். வாங்க, நேர்ல பேசிக்கலாம். என்னையும் உக்காரச் சொல்றாரு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சும்மாவா சொன்னாங்க?"

"சாப்பிடாதீங்க! சுகுமாறன்! சாப்பிடாதீங்க!"

தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

நெடுஞ்சாலையில் புகை இன்னும் கெட்டியாக இருந்தது. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு திடீரென்று முளைக்கும், திடீரென்று இல்லாமல் போகும். அறிவிப்புப் பலகைகள் தலைக்கு மேல் வந்த பிறகுதான் எழுத்து தெரிந்தது. பால்வெள்ளையாய் ஒரு சூரியன் வலது பக்கத்தில் எந்த வெளிச்சமும் தராமல் கூடவே வந்துகொண்டிருந்தது. ஏர்கான் வழியாகக் கரி வாடை உள்ளே வந்தது. கரி வாடைதானா? மோந்து பார்த்தாள். இதற்குள் வேறு எதையாவது கலந்தால் யாருக்குத் தெரியும்? ஒரு வாரமாக இந்த ஊரில் எல்லாச் சோற்றிலும் புகை வாடைதான். அவர் அதற்கும் காத்திருந்தாரா, அல்லது அதுவாக வந்து வாய்த்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவசர எண்ணை அழைத்தாள். ஒரு பெண் மலாயில் பொறுமையாகக் கேட்டாள். எத்தனை பேருக்கு உடம்பு சரியில்லை?

யாருக்கும் இல்லை, என்றாள் ஜெரால்டின். இன்னும் இல்லை.

மயக்கம், வாந்தி?

இல்லை.

சாப்பாட்டில் என்ன கலந்திருக்கிறது?

தெரியாது.

எப்படிக் கலந்திருக்கிறது என்று சொல்கிறீர்கள்?

நோட்டில் எழுதியிருக்கிறார் என்றாள். எல்லாப் பெயருக்கு நேரேயும் ஒரே நாள் எழுதியிருக்கிறார். சொல்லும்போதே அது எவ்வளவு கிறுக்குத்தனமாகக் கேட்கிறது என்று தெரிந்தது. அந்தப் பெண் பெயரையும் முகவரியையும் குறித்துக்கொண்டாள். புகையினால் நெடுஞ்சாலையில் விபத்து, வண்டிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன, யாருக்காவது ஏதாவது ஆனால் உடனே கூப்பிடுங்கள் என்றாள்.

செனாய் கடந்தது. கூலாய் திருப்பம். காளிதாஸ் அழைத்தார், ரோந்து வண்டியும் அந்த விபத்தில்தான் நிற்கிறது, ஆளைத் திருப்பச் சொல்லியிருக்கிறேன், நான் இன்னும் ஆயர் ஈத்தாம்கூடத் தாண்டவில்லை என்றார். அவர் குரலில் அழுகை இருந்தது. ஐந்து வருசத்தில் அவர் அழுது அவள் கேட்டதில்லை.

பந்திக்கு உட்கார்ந்தவன் எழுந்திருக்க எவ்வளவு நேரம்? இருபது நிமிடம். இரண்டு பந்தி. அவள் கணக்கிட வேண்டாம் என்று நினைத்தாள். கணக்கு தானாக ஓடியது.

தாமானின் கடைசித் தெரு. வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஒரு வாசலிலும் ஆள் இல்லை. ஒரு சன்னலிலும் வெளிச்சம் இல்லை. ஒரு வீடு விடாமல் வந்திருந்தார்கள்.

தெருமுனையில் கோயில். அதற்குப் பின்னால் செம்பனைக் காடு புகைக்குள் கறுப்பாக நின்றது. வாசலில் செருப்புகள், பெரியது, சின்னது, விரல் நீளத்தில் குழந்தைச் செருப்பு. அவள் காரை அப்படியே விட்டாள். கதவைச் சாத்தவில்லை. நடந்தாள். ஓடினாள்.

சத்தம் ஒன்றும் இருக்காது என்றுதான் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தாள். சத்தம் இருந்தது. சிரிப்பு இருந்தது. ஒலிபெருக்கியில் பக்திப்பாட்டு. மண்டபத்துக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டாம் பந்தி முடிந்து இலைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஏப்பம் விட்டார். தூணோரம் ஒரு பெண் குழந்தைக்குக் கடைசி வாய்ப் பாயசம் ஊட்டினாள். எல்லோரும் நன்றாக இருந்தார்கள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குள் ஏதோ இளகியது. கர்த்தரே, நான் பைத்தியக்காரியாகவே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"வாங்க மேடம்."

சபாபதி பின்னால் நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் காலி வாளி. சவரம் செய்த முகம்.

"என்ன போட்டீங்க ஐயா?"

"எண்ணிப் பாத்தேன் மேடம்." அவர் கண்கள் மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்வந்தன. "எல்லாரும் வந்துட்டாங்க. எஞ் சம்சாரத்துக்கு வராதவங்க எல்லாரும் வந்து, வயிறார சாப்பிட்டாங்க. நீங்க மட்டுந்தான் பாக்கி."

"ஐயா, சொல்லுங்க. என்ன மருந்து? சொன்னாத்தான் காப்பாத்த முடியும். உங்க காலைப் புடிக்கிறேன்."

மனித முகத்தைப் படிப்பது அவள் தொழில். அந்த முகத்தில் வன்மத்தைத் தேடினாள், கோபத்தைத் தேடினாள், கலக்கத்தைத் தேடினாள். ஒன்றும் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்த முகம். தன் படிவத்தில் குணமானதற்கு என்னென்ன அடையாளங்களை எழுதி வைத்திருந்தாளோ அத்தனையும் அங்கே இருந்தன. ஆறு மாதத்தில் அவரை இவ்வளவு நன்றாக அவள் பார்த்ததே இல்லை.

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஓரத்தில் விரித்திருந்த இரண்டு இலைகளில் ஒன்றின் முன் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தானே சோறு எடுத்து வைத்துக்கொண்டார். சாம்பார் ஊற்றிக்கொண்டார். பிசைந்தார்.

ஜெரால்டின் மண்டபத்தின் நடுவில் போய் நின்று கத்தினாள்.

"எல்லாரும் கேளுங்க! இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்! எல்லாரும்! சாப்பாட்டுல விசம் இருக்கு!"

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தலைகள் திரும்பின. எதிரே ஒருவர் உதட்டில் விரலை வைத்து, கண்ணாலேயே சபாபதியைக் காட்டினார். அவர் காதில் விழும் மேடம் என்பது போல. இரண்டு பெண்கள் எழுந்து வந்தார்கள். அவசரமில்லாமல் வந்தார்கள். ஒருத்தி அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தாமல், நிதானமாக, கண்ணைப் பார்த்துப் பேசினாள். பதற்றத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று இதே மண்டபத்தில் இதே பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தவள் ஜெரால்டின்தான்.

"ஒன்னும் இல்ல மேடம். பொகையில வண்டி ஓட்டி வந்தது. கொஞ்சம் உக்காருங்க. தண்ணி குடிங்க."

"விடுங்க! நான் சொல்றது நெசம்!"

"சரி மேடம். நெசம்தான் மேடம். மெதுவா மூச்சு விடுங்க."

அவள் கையை உதறிக்கொண்டாள். லோஷினி. லோஷினி எங்கே? முதல் பந்தி. முதல் பந்தி எங்கே?

"கொல்லைப்பக்கம் கை கழுவுறாங்க," என்றாள் அந்தப் பெண். சொல்லிவிட்டுத் தன் கீழுதட்டைப் புறங்கையால் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

முதல் பந்தி எழுந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மண்டபத்தின் பின்வாசலைத் தாண்டினாள். அங்கே நீளமாய் ஒரு சிமெண்டுத் தொட்டி, சுவரில் பத்துப் பன்னிரண்டு குழாய். எல்லாக் குழாயும் திறந்து ஓடிக்கொண்டிருந்தன. அறுபது எழுபது பேர் அங்கே நின்றார்கள். யாரும் பேசவில்லை. முன்னால் இருந்தவர்கள் குனிந்து, இரு கையிலும் தண்ணீர் பிடித்து, வாயைக் கொப்பளித்தார்கள். துப்பினார்கள். மறுபடி பிடித்தார்கள். பின்னால் இருந்தவர்கள் முறை வரும்வரை உதட்டை விரலால் தடவிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டார்கள். பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்து அவர்கள் வாயையும் கழுவிவிட்டார்கள்.

மூன்றாவது குழாயில் லோஷினி நின்றாள். சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"லோஷினி!"

நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது.

"மேடம், வந்துட்டீங்களா? நாக்கு என்னமோ மரத்த மாரி இருக்கு மேடம். பாக்கு போட்டதுனால இருக்கும்லா."

"வா, கார்ல ஏறு. வா!"

"இருங்க மேடம். ஒரு தடவை கழுவிட்டு வந்துடறேன்."

குனிந்தாள். தண்ணீர் பிடித்தாள். தண்ணீர் வாயில் நிற்காமல் தாடை வழியே வழிந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. மறுபடி பிடித்தாள்.

ஜெரால்டின் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். பக்கத்தில் இருந்தவரை இழுத்தாள். கத்தினாள். யார் பெயரையெல்லாமோ சொல்லிக் கத்தினாள். யாரும் சண்டை போடவில்லை, யாரும் கோபப்படவில்லை. பிடியிலிருந்து மெதுவாக விலகி, 'இதோ மேடம், இதோ ஆச்சு' என்று குழறிக்கொண்டே குழாய்க்குத் திரும்பினார்கள். தொட்டி நிறைந்து தண்ணீர் தரையில் பரவியது. அவள் காலை நனைத்தது. எங்கும் சைரன் கேட்கவில்லை.

பின்வாசலில் இரண்டாம் பந்திக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். சுகுமாறன் முதலில் வந்தார். எச்சில் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் உதட்டைக் கிள்ளிப் பார்த்தபடி, அவளைக் கண்டதும் மரியாதையாகத் தலையசைத்தார். வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் நின்றார். அவருக்குப் பின்னால் குழந்தையை இடுப்பில் வைத்த பெண். வரிசை மண்டபத்துக்குள் நீண்டது, தூண்களைத் தாண்டி நீண்டது. முன்னால் இருந்து ஒருவரும் நகரவில்லை.